கேட்காமலே கொடுத்த தண்ணீர்

என் அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்கையில் ஏறமாட்டார். தன் தொண்டையில் மட்டும் ஒரு வாய் ஊற்றிக்கொள்ளமாட்டார். குடித்தால் வழியில் இறங்க வேண்டும், இறங்கினால் தாமதம், தாமதமானால் பயணிகளின் வாயில் விழ வேண்டும்.

"பஸ்ஸுக்கு இருக்கிற மரியாதைகூட உங்க கிட்னிக்கு இல்லையா மாமா?" என்று கிண்டல் செய்வேன்.

"அது நின்னா அம்பது பேர் திட்டுவாங்க. இது நின்னா உங்க அக்கா மட்டும்தானே?" என்பார்.

கடைசியில் கல் வந்தது. பணிமனைத் தரையில் புழுவாய்த் துடித்தார். மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தண்ணி நிறைய குடிங்க" என்றார். நிறைய என்றால் எவ்வளவு? இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அந்த மனிதருக்கு வாய் வலித்துவிடுமா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பாட்டிலும் கையுமாக அவர் பின்னாலேயே அலைந்தாள். ஒரு விடுமுறை நாளில் அவருக்கு இடுப்பில் மறுபடி சுருக்கென்றது. பயந்துபோய்க் காலையிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். மதியம் தலை வெடிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது.

"குடிச்சதெல்லாம் வெளியே வந்துடுச்சே!" என்று பதறிய அக்கா, தலையைத் தாங்கிப் பிடித்து இன்னும் புகட்டினாள். அவள் கையிலேயே அவருக்கு வலிப்பு வந்தது.

அளவுக்கு மீறிய தண்ணீரில் ரத்தத்தின் உப்பு குறைந்து மூளை வீங்கிவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். உயிர் தங்கும், பழைய ஆள் திரும்பமாட்டார், இனி அளந்துதான் தண்ணீர்.

"நான் கொடுத்த தண்ணியாலயா?" என்று அக்கா ஒவ்வொரு நர்ஸாகப் பிடித்துக் கேட்டாள்.

இப்போது குளியலறைக்குப் பூட்டு, சமையலறைக்கும் பூட்டு. தாகம் அடங்காமல், விட்டால் வாளியோடு வாயில் கவிழ்த்துக்கொள்கிறார். பாட்டிலோடு துரத்தியவள் சாவியோடு காவல் இருக்கிறாள். தேறிவிடுவார் என்று நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நேற்று போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என் கையைப் பிடித்து, முன்பின் தெரியாதவனிடம் பேசுவதுபோல் பணிவாகச் சொன்னார்.

"சார், இந்தம்மா ரொம்ப நேரமா தண்ணி தரமாட்டேங்கறாங்க. என் பொண்டாட்டின்னா கேட்காமலே கொடுப்பா. அவளைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

அக்கா சாவியைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.