பெஞ்சில் கிடந்த தகடு

மாசி பிறந்துவிட்டால் போதும், காரைக்குடியில் இருந்த சோணையின் மெக்கானிக் கடையைப் பார்த்து ஊரே சிரிக்கும். எதற்கு என்கிறீர்களா? சோணையின் ஊர் காரைக்குடியிலிருந்து திருக்கோஷ்டியூர் போகிற வழியில், பிள்ளையார்பட்டியைத் தாண்டி இருந்தது. அங்கே அவன் மனைவி நாகஜோதி மற்ற பெண்களோடு சேர்ந்து, அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் மெத்தை கணக்காய்ப் பரப்பிவிடுவாள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதிக்க, காய் வெடித்துக் கொள்ளு உதிரும். கூலி கொடுத்து அடிக்க வேண்டியதில்லை. ஆனால் போகிற வண்டிகளின் அடியில் அந்தக் கொடி சுற்றிக்கொள்ளும். சுற்றிய வண்டி நேராகச் சோணையிடம் வந்து நிற்கும். "பொண்டாட்டி போடுறா, புருஷன் எடுக்குறான். நல்ல கூட்டு யாவாரம்ப்பா" என்று எதிர்த்த டீக்கடைக்காரர் வாய் ஓயமாட்டார்.

சோணைக்கு மானம் போகும். வீட்டுக்குப் போய்க் கத்துவான். "நான் ஒரு மெக்கானிக்கு. என் பொண்டாட்டியே ரோட்டுல கொண்டாந்து கொட்டுனா நாலு பேரு என்ன பேசுவாக?"

நாகஜோதி அசருகிற ஆளா? "நூறு வண்டிக்கு நீங்க உழைக்கிறீக. ஒரு வண்டியாச்சும் நம்மளுக்கு உழைக்குதா? இப்பிடியாச்சும் உழைக்கட்டும்" என்பாள். பேச்சில் அவளை ஜெயித்தவன் அந்தப் பக்கத்திலேயே கிடையாது, சோணை எந்த மூலைக்கு?

தொண்ணூற்றேழாம் வருஷத்து மாசியில்தான் இது நடந்தது. பெரிய வீட்டுக்காரர் குமரப்பன் மலேசியாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கப்பலில் ஒரு ஜப்பான் காரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டர்போ வண்டி. எஞ்சின் கக்குகிற புகையே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும்; அந்தச் சுழற்சி காற்றை அமுக்கி எஞ்சினுக்கே திருப்பி ஊட்டும். டர்போவிலிருந்து புகை இறங்குகிற பைப் சிறுத்திருந்தால் வண்டிக்கு மூச்சு முட்டுமாம். அதற்காகப் பருத்த டவுன்பைப் ஒன்றைச் சிநேகிதர் மூலம் வரவழைத்திருந்தார். அதை மதுரைக்குக் கொண்டுபோகாமல் சோணையிடம் கொண்டுவந்ததே பெரிய விஷயம். அம்பாசடரும் டிராக்டரும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் பெரிய வீட்டுக் கார்களெல்லாம் தன் கடைக்குத் திரும்பிவிடும் என்று ஆசை. ஆசைப்படுவதில் என்ன தப்பு?

பழைய பைப்பின் நட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறப்போட்டு, சூடு காட்டி, ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கழற்றினான். புதுப் பைப் டர்போவின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேஸ்கட் வைத்து முறுக்கியும் ஆயிற்று. கடைசியில் ஒரு வில்லங்கம். பழைய பைப்பின் சூடு வெளியே படாமல் சுற்றி மூடியிருந்த தகடு, புதுசின் பருமனுக்கு வாய் சேரவில்லை.

"புதுசா ஒண்ணு வெட்டித்தான் மாட்டணும்ண்ணே. நாளைக்கு வாரீகளா?"

குமரப்பன் ஒப்பவில்லை. போன மாசித் தெப்பத்தில் அவர் மனைவி தேனம்மை பிள்ளை வரம் கேட்டுத் திருக்கோஷ்டியூரிலிருந்து விளக்கு எடுத்து வந்திருந்தாள். இப்போது கையில் பிள்ளை. வேண்டுதல் பலித்ததால், இன்றைக்குத் தெப்பத்துக்குப் போய் அந்த விளக்கைத் திரும்ப ஏற்றியாக வேண்டும்.

"வண்டிக்கு அடியில காத்துத்தான் இருக்கு, என்ன பத்திக்கிறப் போகுது? திரும்பி வந்து மாட்டிக்கலாம் சோணை."

சோணைக்கும் அது சரியென்றுதான் பட்டது. வேலையை அரைகுறையாய்க் கொடுக்கிறோமே என்று உள்ளே ஒரு உறுத்தல். பெரிய இடத்து ஆளைக் காக்க வைப்பானேன் என்று அதை அமுக்கிவிட்டான். காருக்குள் இருந்த தேனம்மை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "பிள்ளையார்பட்டியில ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்" என்றாள். கார் புது உறுமலோடு கிளம்பியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சோணைக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்பாசடர் வந்தது. அடியில் சரசரவென்று சத்தம். சோணை வழக்கம்போலக் கீழே படுத்து, சுற்றியிருந்த கொள்ளுக்கொடியை இழுத்துப் போட்டான். சைலன்சர் பைப்பில் பட்டிருந்த பக்கம் மட்டும் கருகியிருந்தது. படுத்தபடியே திரும்பினான். பெஞ்சின் மேல் அந்தத் தகடு கிடந்தது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அம்பாசடருக்கே இந்தக் கதி. டர்போ பைப் ஓட்டத்தில் காய்கிற காய்ச்சலுக்கு, மறைப்பும் இல்லாமல், இந்தக் கொடி என்ன ஆகும்? திருக்கோஷ்டியூர் வரைக்கும் வழியெல்லாம் கொள்ளு. அதில் அவன் வீட்டுக் கொள்ளும் உண்டு. காருக்குள் பச்சைப்பிள்ளை.

டீக்கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தான். பிள்ளையார்பட்டியில் கார் இல்லை. "இப்பத்தானே கெளம்புனாக" என்றாள் பூக்காரி. அதற்குப் பிறகு அவன் என்ன வேகத்தில் போனான், யார் யாரிடம் வசவு வாங்கினான் என்பதெல்லாம் அவனுக்கே தெரியாது.

ஊர் எல்லையில் புகை தெரிந்தது. கார் ரோட்டு நடுவில் கதவெல்லாம் திறந்து கிடந்தது. பெண்கள் மண்ணை அள்ளி அடியில் வீசிக்கொண்டிருந்தார்கள். கொண்டுவந்த நீராகாரத்தைக்கூட யாரோ ஊற்றியிருந்தார்கள். தீ அணைந்துவிட்டது. அடியில் வயரெல்லாம் உருகித் தொங்கியது. வண்டிக்கு அடியில் நெருப்பு விழுவதை முதலில் பார்த்தவள் நாகஜோதிதான். குறுக்கே பாய்ந்து காரை மறித்து, தேனம்மை சுதாரிக்கும் முன்னே பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இன்னும் அவள் இடுப்பில்தான் பிள்ளை இருந்தது.

குமரப்பன் கத்தினார். "வா சோணை. இந்தப் பொம்பளைக பண்ணியிருக்கிற வேலையைப் பாரு. இது ரோடா, களத்து மேடா? ஒரு குடும்பமே வெந்து போயிருக்கும். போலீசுல சொல்லாம விடமாட்டேன்."

நாகஜோதி யார் என்று அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சோணையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயடைத்து நின்று சோணை பார்த்ததே இல்லை. தான் பரப்பிய கொள்ளுதான் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று நம்பி நிற்கிறாள். இத்தனை வருஷச் சண்டையில் அவன் ஜெயித்துவிட்டான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பேரும் கெடாது, பெரிய வீட்டுக் கார்களும் வரும்.

சோணை நாகஜோதிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"கொள்ளு வருசா வருசம்தாண்ணே கெடக்கு. எத்தனையோ வண்டி போகுது, சுத்துது, நாந்தான் எடுத்து விடுறேன். ஒண்ணும் இப்பிடிப் பத்துனதில்ல. தகட்டை மாட்டாம வண்டியை விட்டது நானு. அது என் கடை பெஞ்சுல கெடக்கு." நாகஜோதி பக்கம் கையைக் காட்டினான். "இவ என் சம்சாரம்."

குமரப்பன் போலீஸ் பேச்சை விட்டுவிட்டார். திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னது அவர் நினைவுக்கு வந்ததோ என்னவோ. தேனம்மை பிள்ளையை வாங்கும்போது நாகஜோதியின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளும் குமரப்பனும் விளக்கை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப்போனார்கள். காரை மதுரைக்குக் கட்டி இழுத்துப் போனதாகச் சோணை பின்னால் கேள்விப்பட்டான். பெரிய வீட்டுக் கார் எதுவும் அவன் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர்கூட அந்தக் கூட்டு யாவாரப் பேச்சை எடுப்பதில்லை.

மிச்சக் கொள்ளை நாகஜோதி ரோட்டில் போடவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வயலில் தனியாக அடித்துக்கொண்டிருந்தபோது, சோணை ஒரு கம்போடு போய் எதிர்ப்பக்கம் நின்றான். ஸ்பேனர் பிடித்த கை, கொஞ்ச நேரத்திலேயே கொப்புளம் கண்டது.

"ஒரு வழியா ஒரு வண்டி நம்மளுக்கு உழைக்குது. என்ன, பிக்கப்தான் பத்தலை" என்றாள் நாகஜோதி.

சோணை சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நீங்க பேசாம நின்னிருந்தா எனக்குத் தெரியவா போகுது? நாந்தான் அந்தப் பிள்ளையை எரிக்கப் பாத்தேன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டே கெடந்திருப்பேன்."

சோணை குனிந்து அடுத்த கட்டைப் பிரித்துப் போட்டான். இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள்.