பண்டாரியின் பாதி கிளாஸ்

எங்கள் அலுவலகத்திலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் சரிவில் ஒரு டீக்கடை இருக்கிறது. புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து சேரும் எனக்கு, காலையில் அங்கே ஒரு டீ குடித்தாக வேண்டும். குடிக்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைக்கு யார் எதிரே வந்தாலும் எரிந்து விழுவேன். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். டீ குடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் ஃபைலை நீட்டுவார்கள்.

கடைக்காரர் பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல்களில் கழித்த சமையல்காரர். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். கரைக்கு வந்த பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே அந்தமானுக்கு வந்துவிட்டவர்கள். எங்கள் வீட்டாரும் அந்தப் பக்கம் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் மனைவி எனக்கு மதினி. மதினி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார், முன்னால் வரமாட்டார்.

கடை திறந்த புதிதில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

"பிரேசிலுக்கெல்லாம் போயிருக்கீயளாமே அண்ணாச்சி, எப்படி இருக்கும்?"

"கிரேன் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு கிரேன் இருக்கும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் சமையல்காரருக்கு வேலை அதிகமாம். கப்பலுக்குள் ஏறுகிற அதிகாரிகள், சாமான் இறக்குகிறவர்கள், எல்லோருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். "ஊரப் பாக்க ஏணியில இறங்கணும்லா. நான் இறங்கிட்டா அடுப்ப யாரு பாப்பா?" என்றார். உலகத்தைச் சுற்றி வந்த மனிதர் உலகத்தைச் சமையலறையின் வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்.

எதிர் பெஞ்சில் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சின்காரர் ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார். எஞ்சின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அவர் ரகசியம் பேசினால் படகுத்துறை வரை கேட்கும். மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குப் பல் பெரிசு என்று மனைவியின் காதில் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அதன் பிறகு வாயே திறக்கவில்லையாம். எப்படியோ கல்யாணம் நடந்துவிட்டது.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கப்பலில் தூங்குகிறவர்கள் எல்லோரும் விழித்துக்கொள்வார்களாம், அமைதிதான் அங்கே அபாயச் சங்கு. "இங்க கரெண்ட் போயி ஃபேன் நிக்குது பாருங்க மேடம், நான் செருப்புகூடப் போடாம வாசலுக்கு ஓடிருவேன். பொண்டாட்டி பின்னாலயே வந்து, எங்க ஓடுறீங்க, இது வீடுன்னு சொல்லி இழுத்துட்டுப் போவா" என்றார். எங்கள் ஊரில் கரெண்ட் போகிற அழகுக்கு, அந்த அம்மாள் எத்தனை முறை ஓடியிருப்பார்களோ.

அண்ணாச்சி தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை மகளைப் பற்றிச் சொன்னார். சின்னக் குழந்தையாக இருந்தபோது அவள் அப்பாவை போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள். ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அவர் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, அப்பா வந்திருக்கிறார் பார் என்று மதினி காட்ட, குழந்தை உள்ளே ஓடிப்போய் போனை எடுத்து அதற்குள் தேடியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவர் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்த அடுப்பை. எனக்கு அழுகை வந்தது.

இப்போது அந்த மகள் மெயின்லேண்டில் படிக்கிறாள். வீட்டில் மதினி தனி. அதனால்தான் இந்தக் கடையே. மழைக்காலம் முடியும் வரை நடத்திப் பார்ப்பது, ஓடவில்லை என்றால் திரும்பவும் கப்பல் ஏறுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கும் மும்பை ஏஜென்ட் அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் கை கழுவப் பின்கட்டுக்குப் போன என்னிடம் மதினி சொன்னார்: "இவுக மறுபடியும் போனாவன்னா நான் அந்த வீட்டுச் செவுத்தோடதான் பேசணும். இத்தன வருசம் பேசுனது போதும் எனக்கு."

கடையோ ஓடவில்லை. டீ பிரமாதமாக இருக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் அண்ணாச்சி கிளாஸில் பாதிதான் ஊற்றுவார். யாராக இருந்தாலும் பாதி. "ஆதா சாய், பூரா தாம்", பாதி டீக்கு முழு விலை, என்று ஆட்டோக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு மேலே இருந்த வேறு கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணாச்சி, மீதி டீ அடுத்த கப்பல்ல வருதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருக்குப் புரியவே இல்லை. கோபத்தில் நானும் மேலே இருந்த கடைக்குப் போனேன். அங்கே கிளாஸ் நிறைய வெந்நீர் கொடுத்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அலுவலக வேலையாக மாயாபந்தருக்குப் போக வேண்டியிருந்தது. மழையில் ரோடு கெட்டுக் கிடந்ததால் கப்பலில் போனேன். கேன்டீனில் டீ கேட்டால் அங்கேயும் பாதி கப். ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். "பூரா பரோ பையா" என்று அதட்டினேன். அந்த ஆள் விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தார். கப்பை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், டீ முழுக்க என் சேலையில்.

சுடச் சுட நின்றபோதுதான் அண்ணாச்சியின் கடை கண்முன் வந்தது. கிளாஸ்கள் வழுக்காமல் இருக்க மேஜையில் எப்போதும் விரித்திருக்கும் ஈரத்துணி. அடுப்போடு சேர்த்துக் கம்பியால் கட்டிய பால் பாத்திரம். கொக்கி போட்ட சர்க்கரை டப்பா. அட மனுஷா, நீர் இன்னும் கப்பலைவிட்டு இறங்கவே இல்லையா என்று நினைத்தேன். சேலை போனது போகட்டும், அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

திரும்பி வந்ததும் சேலைக் கறையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி கையிலிருந்த கிளாஸைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நெறஞ்ச கிளாஸப் பாத்தா பயமா இருக்கு தங்கச்சி. சாஞ்சா யாரு மேல கொட்டும்னுதான் மொதல்ல தோணும். கஞ்சத்தனம்னா நெனச்சாக?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். நானும்தான்."

பிறகு பயிற்சி ஆரம்பித்தது. அண்ணாச்சி ஊற்றுவார், பாதியில் கை நின்றுவிடும். "ஊத்துங்க பண்டாரி, ஊத்துங்க, கப்பலக் கரையில கட்டியாச்சு" என்று எஞ்சின்காரர் கத்துவார். கெட்டிலைச் சாய்க்கிற கை அதற்கு மேல் போகாது. பெரிய கிளாஸ்தான் குற்றம் என்று முடிவு செய்து சின்ன கிளாஸ்கள் வாங்கினார்கள். அவர் அதிலும் பாதி ஊற்றினார். நானும் எஞ்சின்காரரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. மழைக்காலம் முடிய அதிக நாள் இல்லை என்பது அவருக்குத்தான் நினைவிருந்தது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மதினி பின்கட்டிலிருந்து வெளியே வந்தார். இன்னொரு கெட்டிலை எடுத்தார். அண்ணாச்சி பாதியில் விட்ட கிளாஸை இழுத்து விளிம்பு வரை நிரப்பி என் முன்னால் வைத்தார்.

"நீங்க உங்க வழக்கம்போல ஊத்துங்க. மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து கடையில் இரண்டு கெட்டில்கள். ஒருவர் பாதி, ஒருவர் மீதி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டீக்காகத் தங்கினார்கள், ஆட்டோக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஊற்றுகிற நேரமெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பால்காரன் வராதது, மகளின் பரீட்சை, என்றைக்கோ ஒரு தீபாவளிக்கு வாங்கி வருவதாகச் சொல்லி அண்ணாச்சி வாங்கி வராத புடவை. அந்தப் புடவைச் சண்டை மட்டும் ஒரு வாரம் ஓடியது. நான் டீயை ஆற ஆறக் குடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஏஜென்ட் போன் வந்தது. கையில் கெட்டில் இருந்ததால் அண்ணாச்சி போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நல்ல கப்பல், பழைய கேப்டன், அவர் பண்டாரியைத்தான் வேண்டும் என்று கேட்கிறார், உடனே மும்பைக்கு வர வேண்டும் என்றது போன். எஞ்சின்காரருக்குக்கூடக் கேட்டுவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி சரிவின் கீழே தெரிந்த கடலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆசை இருந்தது. அதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் கிளாஸுக்கு மேலே மதினியின் கெட்டில் சாயாமல் அப்படியே நின்றது. போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"நஹீ சாப்," என்றார் அண்ணாச்சி. "வர முடியாது. இங்க ஆளு பத்தாது."

"ஒரு டீக்கடைக்கு எத்தனை ஆள் வேணும் பண்டாரி?"

"ஒரு கிளாசுக்கே ரெண்டு ஆளு வேணும் சாப். பாதிக்கு மேல என் கை போவாது."

மதினி ஊற்ற ஆரம்பித்தார். கிளாஸையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கிளாஸ் நிறைந்தது, வழிந்தது, மேஜையில் ஓடி என் மடியில் சொட்டியது. அன்றைக்கு நான் கட்டியிருந்தது புதுச் சேலை. நான் வாயே திறக்கவில்லை.