குழாயின் அடியில் சிவப்பு

கல்லூரி வேதியியல் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவளுக்கு இலைக்காரி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவளை இலை அலசவும், வேகவைத்து வடிகட்டவும் பழக்கிவிட்டதன் பலன். அந்தச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, காயவைத்து, உலையில் சுட்டால் வெள்ளைத் தூள் வரும். கண்ணுக்கே தெரியாத துணுக்குகளாம். சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் சாயத்தை உடைத்துவிடுமாம்.

இலைக்காரிக்கு இது வீட்டுக் கவலை. அவள் வீட்டுக் கிணறு சிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்துச் சாயப்பட்டறையின் கைங்கரியம். அந்தப் பட்டறையிலேயே அவள் கணவர் இருபது வருஷம் துணி முக்கினார் என்பது தனி வயிற்றெரிச்சல். அக்கம்பக்கம் காலியாகிவிட்டது. இந்த வருஷமும் கிணறு தெளியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளின் ஒற்றை அறையில் போய் ஒண்ட வேண்டியதுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

“எங்க தூள் சாயத்தையே தின்னுடுதுங்க,” என்று அவள்தான் அவருக்கு ஆசை காட்டினாள். “அந்தப் பொண்ணு படிப்பு முடியட்டும், வாங்கிட்டு வரேன்.”

சோதனை முடிந்ததும் மாணவி கண்ணாடிக் குழாய்களை எந்திரத்தில் சுழற்றுவாள். தூள் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் உறிஞ்சி அளந்து பார்த்துவிட்டு, குழாய்களைத் தட்டில் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் அவை இலைக்காரியின் பாடு. அடியில் எப்போதும் ஒரு சிவப்பு இருக்கும். முன்பு ஒருமுறை கறை இருந்ததற்காக ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அவளை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அதனால் வாயைத் திறக்காமல் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கித் தொட்டியில் கொட்டுவாள். எட்டு மாதம் இப்படியே போனது.

அன்றைக்கு மாணவி துள்ளிக்கொண்டு வந்தாள். “அக்கா, பாருங்க! சாயம் இருந்த இடமே தெரியல.”

இலைக்காரியின் கையில் ஸ்பிரிட் ஊற்றிய குழாய். உள்ளே நல்ல சிவப்பு.

“அப்ப இது என்னம்மா?”

வெகுளியாகத்தான் கேட்டாள். மாணவியின் முகம் செத்துப்போனது. ஒரு குழாயில் சாயமும் தூளும் கலந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை; அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துச் சுழற்றிப் பார்த்தால், இருட்டில் இருந்த தண்ணீரும் தெளிந்திருந்தது.

“வெயிலே படலக்கா. சாயம் உடையவே இல்ல. தூள் மேல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. தூள் நெறஞ்சதும் அதுவும் நின்னுடும்.” அவள் நாற்காலியில் சரிந்தாள். “ஏங்க்கா முன்னாடியே சொல்லல?”

“நான்தான் சரியாக் கழுவலேன்னு நெனச்சேன்மா.”

இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்திக்குப் படிப்பு, இன்னொருத்திக்கு வீடு.

இலைக்காரி வீடு திரும்பியபோது கணவர் கிணற்றடியில் நின்றிருந்தார். பல வருஷமாக வெறுமனே கிடந்த உருளையில் எண்ணெய் விட்டு, புதுக் கயிறு மாட்டியிருந்தார்.

“தூள் எப்ப வருது?”

“நம்ம சாயம்தான் வெளுத்துப்போச்சுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. வாளியை மேலே இழுத்தார். புதுக் கயிறு முழ நீளத்துக்குச் சிவந்திருந்தது.