பைபாசில் பிரேக்கக்கா எடுத்த வாந்தி

பிரேக்கக்கா முழுகாமல் இருக்கிறாராம். ஐம்பத்திரண்டு வயதில்! கிளப்பிவிட்டது பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடைக்காரர். பல் டாக்டரின் காரில் போன அக்கா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்ததை அவர் கண்ணால் பார்த்தாராம். டாக்டர் வண்டியை நிறுத்தக்கூட இல்லையாம், கல்நெஞ்சக்காரர். பொழுது சாய்வதற்குள் தெருவில் நாலு பேர் சேர்ந்து மாதக் கணக்கும் போட்டுவிட்டார்கள்.

வாந்தி நிஜம். மற்றதெல்லாம் பஞ்சர் கடைக்காரர் அடித்த காற்று. நடந்ததைக் கேளுங்கள்.

பல் டாக்டரிடம் இருப்பது எருமை மாதிரி உடம்பும் குதிரை மாதிரி ஓட்டமும் உள்ள எஸ்யூவி. யாரோ சொன்னார்கள் என்று அதற்குப் பந்தய வண்டிக்கான பிரேக் பேட் போட்டுக்கொண்டார். அந்த பேட் சூடேறினால்தான் கடிக்கும். ஒரு குளிர்ந்த காலையில் அவருடைய மனைவி, கணக்கு டீச்சர், வாசல் கேட்டைத் திறக்கப் போனார். டாக்டர் பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்பதாக இல்லை, வழுக்கிக்கொண்டே வந்து கேட்டை நெளித்துவிட்டு நின்றது. டீச்சர் குதித்துத் தப்பினார். ஒரு செருப்பு மட்டும் சக்கரத்தடியில்.

"பல்லப் புடுங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு பிரேக்கப் புடிக்கத் தெரியல. இனி இந்த வண்டியில என் கால் படாது" என்றார் டீச்சர். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ். வீட்டில் பேச்சும் பஸ் மாதிரிதான், எப்போதாவது ஒன்று வரும்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த டாக்டர், பிரேக்கக்காவின் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

அக்கா இருபத்தாறு வருஷமாகச் செய்வது பிரேக் வேலை மட்டும்தான். எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "ஓட வைக்கிறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க" என்பார். தெருமுனையில் ஒரு வண்டி கிறீச்சிட்டால், எந்தச் சக்கரம், பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஷெட்டுக்குள் இருந்தே சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கோளாறு. தானே ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அடுத்தவர் ஓட்டி, பக்கத்தில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். தன் கல்யாணத்துக்கே தானே காரை ஓட்டிக்கொண்டு போனவர்.

"அக்கா, சிவப்பு கலர்ல பெரிய காலிப்பரா போட்டுடுங்க."

"லிப்ஸ்டிக் போட்டா பல்வலி போயிடுமா டாக்டர்?"

அக்கா சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பேட்ட அழுத்துற காலிப்பர் இப்ப இருக்கறதே யானைய நிறுத்தும். தெருவுல ஓடுற வண்டிக்குத் தெருவுக்கான பேட் போடுங்க. டிஸ்க் புதுசு மாத்திடலாம். பிரேக் ஆயில்ல தண்ணி கோத்திருக்கு, அதையும் மாத்தணும். ஆயில் போற ஹோஸ் உப்பிப் போச்சு, கம்பி வலை போட்டது நாலு போட்டுடறேன்."

"வெளிய பார்த்தா ஒன்னுமே தெரியாதே அக்கா?"

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்."

மாட்டி முடித்ததும் புது பேட்டையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் இருபதுக்கு இறக்க வேண்டும், பத்து தடவை. நடுவில் முழுசாக நிறுத்தக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் தடம் பதிந்துவிடும். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். பெடல் உதறினால் டீச்சர் ஆயுசுக்கும் பஸ்தான்.

"நீங்களே ஓட்டுங்க அக்கா" என்றார் டாக்டர்.

"பேட் பழகினா போதுமா? உங்க காலும் பழகணும். ஏறுங்க."

பைபாசில் ஐந்தாவது தடவை வேகம் இறங்கியபோது அக்கா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஏழாவதில் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, ஓரமா நிறுத்தட்டுமா?"

"நிறுத்துனீங்க, கொன்னுடுவேன்! எண்ணுங்க!"

எட்டாவதில் தலை ஜன்னலுக்கு வெளியே போனது. சரியாகப் பஞ்சர் கடைக்கு எதிரில். உள்ளே வந்த தலை வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், ஒம்பது!" என்றது. பத்தும் முடிந்து, டிஸ்க் ஆறும்வரை நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கார் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வதந்தி போய்விட்டது.

மறுநாள் காலை. நல்ல குளிர், வண்டியும் ஐஸ். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அதே கேட்டில் நின்றார். சரிபார்க்க வந்த அக்காவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சரிவின் மேலே காத்திருந்தார்.

அக்கா போய் டீச்சருக்குப் பக்கத்தில், வண்டிக்கு நேர் எதிரில் நின்றுகொண்டார். "வாங்க டாக்டர்! பயப்படாம வாங்க!"

வண்டி சரிவில் இறங்கி வந்தது. டாக்டர் மிதித்தார். ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை. டீச்சரின் புதுச் செருப்புக்கு நாலடி முன்னால் நின்றது.

டீச்சர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், பெல்ட் போட்டார். பிறகு ஜன்னலை இறக்கினார்.

"ஏன்க்கா, ஊர்ல என்னென்னமோ சொல்றாங்களே?"

"நான் புள்ளத்தாச்சி இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் ஓட்டினா அந்தப் பஞ்சர் கடைக்காரனும் வாந்திதான் எடுப்பான். அவனை எத்தனை மாசம்னு கேப்பீங்களா?"