ரோல் போடாத கேமரா

விழுப்புரத்தைத் தாண்டி விக்கிரவாண்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு பிலிம் ரோல். பஸ்ஸில் உட்கார்ந்தால் அவன் முகமே ஞாபகம் வரும் என்றுதான் நடந்தேன். நடந்தாலும் வந்தது.

அவனும் நானும் திண்டிவனத்தில் ஒரே போட்டோ ஸ்டூடியோவில் தொழில் பழகியவர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஸ்டூடியோவை மூடியதும் அவன் விழுப்புரத்தில் சொந்தக் கடை போட்டான். நான் வானூரில் கட்டட வேலை, பொம்மையார்பாளையத்தில் விடுதி கூட்டும் வேலை என்று சுற்றினேன். மூடிய அன்று எனக்குக் கிடைத்தது அந்த ரோல்தான். என்றைக்காவது ஒரு நல்ல கேமராவில் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். சுற்றி அலுத்து, கடைசியில் அவன் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

நான் கிளம்பிய அன்று மதியம் அவனுக்குப் பார்சல் வந்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று தன் ஆண்டு விழாவுக்கென்று கொஞ்சமாகச் செய்த பிலிம் கேமரா. பொன் நிற உடம்பு, பச்சைத் தோல், மேல்தகட்டில் வரிசை எண். அவன் துணிக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தான். லீவரைத் தள்ளி, காதோரம் வைத்துப் பட்டனை அழுத்தினான். என் காதிலும் வைத்தான். அப்படி ஒரு ஷட்டர் சத்தத்தை, படம் எடுக்கப் போன எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காரில் சென்னைக்கு எடுத்துப் போவானாம். அங்கே இவனைப் போன்றவர்கள் கூடி, ஒருவர் கேமராவை ஒருவர் இப்படித்தான் காதில் வைத்துக் கேட்பார்களாம்.

என் ரோலைப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.

“டேய், ரோல் போட்டா பழசாயிடும்டா. இதுல யாரும் படம் எடுக்க மாட்டாங்க.”

“அப்போ இன்னாத்துக்குடா கேமரா?”

“வச்சிக்கினு இருக்கத்தான்.”

சிரிக்காமல் சொன்னான். பிறகு செல்போனை என்னிடம் கொடுத்து, கேமராவோடு தன்னைப் படம் எடுக்கச் சொன்னான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி எடுத்தேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டதும் வாழ்த்துகள் வந்தன. படம் பிரமாதம், யார் எடுத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவன் சொல்லிக்கொண்டே தட்டினான்.

“கடைப் பையன்.”

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நாற்பது தாண்டியாயிற்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லாரி ஷெட் ஒன்றில் படுத்து எழுந்தேன். காலையில் டோல்கேட் பக்கம் வந்தபோது, சாலையின் இரு பக்கத்து ஓட்டல்களிலும் ஆள் தேடினார்கள். கொடியசைத்து, விசில் ஊதிக் கார்களை உள்ளே கூப்பிடும் வேலை. சாப்பாடு உண்டு, படுக்க இடமும் உண்டு. விழுப்புரத்துக்குப் போகும் பக்கத்து ஓட்டலில் நிற்பதற்கு மரநிழல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நான் சென்னைக்குப் போகும் பக்கத்து ஓட்டலில் சேர்ந்தேன்.