செருப்பு மாட்டும்போது கேட்கிற கேள்வி

1994 கோடையில் நான் மொன்றியலுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, இந்தோனேசிய மொழி படிக்க. கனடாவில் உட்கார்ந்து இந்தோனேசியமா என்று சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவள்தான். ஜாவாவின் வாய்க்கால் பாசனம் என் ஆராய்ச்சி. ஆறு வாரப் படிப்பு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறினால் ஜாவாவிலேயே, யோக்யகர்த்தாவில் ஓராண்டு. தவறினால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்ற வேண்டும்.

நான் படித்த டொராண்டோவிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர், பேருந்தில் ஏழு மணி நேரம். வெளியூர் மாணவர்களை இந்தோனேசியக் குடும்பங்களோடு தங்க வைத்தார்கள். எனக்கு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இபு ரத்னாவின் வீடு. இபு என்றால் அம்மா. வகுப்பில் ஒரு ஜப்பானியர், இரண்டு ஜெர்மானியர், நான். பாடப்புத்தக உரையாடல்களை மனப்பாடமாக ஒப்பிப்போம். "ரொம்பச் சுலபமான மொழி" என்றார் ஆசிரியை. சுலபம்தான், வகுப்பைவிட்டு வெளியே வராதவரை.

வீட்டில்தான் தலை சுற்றியது. நான் செருப்பு மாட்டும்போதெல்லாம் இபு ரத்னா, "மாவு கெ மானா?" என்பார். எங்கே போகிறாய்? எங்கள் வீட்டில் கிளம்புகிறவரிடம் 'எங்கே' என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். படித்தவள்தான், ஆனாலும் தினமும் குடித்தேன். பல்கலைக்கழகம், நூலகம், கடை என்று விவரமாகப் பதிலும் சொல்வேன். பாதியிலேயே அவர் அடுப்படிக்குப் போய்விடுவார். பதில் வேண்டாமென்றால் எதற்கம்மா கேள்வி?

தேர்வு பத்து மணிக்கு. ஒன்பதுக்குக் கிளம்பினேன். "மாவு கெ மானா?" உட்கார்ந்தேன், குடித்தேன், எழுந்தேன். மறுபடியும் கேட்டார்! மறுபடியும் உட்கார்ந்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து இஞ்சித் தேநீர் போட்டார், குடிக்காமல் விடவில்லை. படியிறங்கும்போது மூன்றாம் முறை கேட்டார். ஓடியே போனேன்.

மெட்ரோவுக்கு நேரமில்லை. டாக்சி ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். "தங்கச்சி, தூரமோ?" என்றார். 'எங்கே' என்று கேட்காத மனிதர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதையைச் சொன்னேன்.

"ஓம், அப்பிடிக் கேக்கக் கூடாதுதான். ஆனா மூண்டாம் தரத்துக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கும் தெரியேல்லை" என்றார். பதினோரு டாலர் ஆயிற்று.

தாமதமாகத்தான் நுழைந்தேன். தேர்வாளரான அம்மையார் ஏன் தாமதம் என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. "அந்த அம்மா தினமும் கேட்கிறார், பதிலைக் கேட்பதில்லை, இன்று என் தேர்வையே கெடுத்துவிட்டார்" என்று தப்பும் தவறுமான இந்தோனேசியத்தில் கொட்டினேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் தண்ணீர் குடித்துக் காட்டினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அது எங்கள் வணக்கம், பெண்ணே. 'சும்மா இப்படித்தான்' என்றால் போதும். கேட்காவிட்டால்தான் உன்மேல் கோபம் என்று அர்த்தம். சரி, தேர்வு முடிந்தது."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"இவ்வளவு நேரம் எந்த மொழியில் சண்டை போட்டாய்?"

அந்த மொழி படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டே யோசனை. விடுதியில் தங்காதீர்கள், குடும்பத்தோடு தங்குங்கள். புரியாததை அன்றே கேட்டுவிடுங்கள், என்னைப்போல் ஆறு வாரம் தண்ணீர் குடிக்காதீர்கள்.

அன்று மாலையே இபு ரத்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், துடித்துப்போனார். நான் ஒரேயடியாகக் கிளம்பிய காலையில் கையில் தண்ணீரோடு, வாயை இறுக மூடிக்கொண்டு வாசலில் நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"கேளுங்கள், இபு" என்றேன்.