புரிந்தது என்னும் கட்டம்

பேசும்போது பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வது அந்த நர்ஸுக்குப் பழக்கம். ஒரு கையில் மாத்திரை அட்டை, மறு கையில் பேனா. மூடிக்கு வாயை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. குணமானவர்களை வீட்டுக்கு அனுப்பும் மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். படிவத்தின் கடைசி வரி, ‘சொன்னதெல்லாம் புரிந்தது.’ பக்கத்தில் ஒரு கட்டம். கேட்பதற்கு முன்பே அதில் டிக் அடித்துவிடுவாள். எப்படியும் எல்லோரும் தலையாட்டத்தானே போகிறார்கள்?

அன்று வந்தவர் தறி ஓட்டுகிறவர். ரத்த அழுத்தத்துக்காகச் சேர்த்திருந்த மனைவி, வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள்.

"ரெண்டா உடைச்சு, காலையில பாதி மட்டும்" என்று நர்ஸ் இரண்டு விரலைக் காட்டினாள். "புரிஞ்சுதா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்."

சொன்னாள். மறுபடியும் கேட்டார். வரிசை நெளிந்தது.

"எத்தனை தடவைண்ணே சொல்றது? என் வாயையே பார்த்துட்டு நின்னா மண்டையில ஏறுமா?"

"விடுங்க சிஸ்டர், வீட்டம்மா முப்பது வருஷமா சொல்லியே ஏறலயாம்!" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். "புரிஞ்சுது சிஸ்டர்" என்று கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் அவர் மனைவி நெற்றியில் தையலோடு வார்டில் கிடந்தாள். தினமும் இரண்டு முழு மாத்திரை. குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

டாக்டர் படிவத்தைத் தறிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். "புரிஞ்சுதுன்னு டிக் இருக்கே. உங்க கையெழுத்துதானே?"

"சிஸ்டர் ரெண்டு தடவை சொன்னாங்க சார். தப்பு என்னுதுதான்."

‘டிக் போட்டது நான், அதுவும் கேட்கும் முன்பே’ என்ற வாக்கியம் நர்ஸின் தொண்டைவரை வந்தது. மூடியைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள், அவர் இல்லாத நேரம் பார்த்து அந்த அம்மாளிடம் போனாள். "அன்னைக்கு அவரை எல்லார் முன்னாடியும் நான்..."

"அவர் அதை நினைச்சுக்கல சிஸ்டர். தறிச் சத்தத்துல ரெண்டு காதும் போய்ப் பத்து வருஷமாச்சு. உதட்டைப் பார்த்துத்தான் எதையும் புரிஞ்சுக்குவார். நேத்துதான் சொன்னார், அன்னைக்கு உங்க வாயில ஒரு பேனா மூடி இருந்துச்சாமே."